ஒழுகாத கூரை, வியர்க்கும் சுவர்

ஆனி, ஆடி வந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: பூசணம். ஆகவே இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை. கிணற்று உறை, மதில் தகராறு, வாஸ்து பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். வாஸ்து கேட்டவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

*

அண்ணாச்சி, நாங்கள் புதுவீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. கான்கிரீட் தளம் போட்ட வீடு. சாரல் தொடங்கினால் படுக்கையறையின் மேற்கு மூலையிலும் இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் படர்கின்றன. பட்டுப்புடவை வரைக்கும் வாடை. பெயிண்டர் ஈரம் தாங்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். கொத்தனார் மொட்டைமாடியில் கசிவு என்கிறார். மாமியார் வீட்டுக்கே ஏதோ தோஷம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— புளியரை வாசகி

மூவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். மாமியார் சொல்வதை மட்டும் கேட்பதுபோல் இருந்துகொள்ளுங்கள்.

செங்கோட்டையிலிருந்து புளியரை கூப்பிடு தூரம் என்பதால், பதில் எழுதும் முன் ஒரு நடை வந்து பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டுக்காரரும் நானும் பீரோவை இழுத்தோம். பின்னால் சுவரில் பீரோவின் உருவமே கறுப்பாகப் பதிந்திருந்தது. நான்கு பக்கமும் கோடு போட்டதுபோல் நின்றிருந்தது. பீரோ மறைக்காத இடத்தில் சுவர் சுத்தம். உள்ளே கீழ்த்தட்டில் அவருடைய தோல் பெல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. கூரைக் கசிவு பீரோவின் அளவு பார்த்தா இறங்கும்? மேலேயிருந்து வரும் தண்ணீர் கோடாக வழியும், பழுப்பு நிறத்தில் வட்டம் போடும், மழை நின்றால் காயும். தரையிலிருந்து ஏறும் ஓதம் முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்துக் காரையைப் பெயர்க்கும். உங்கள் சுவரில் இரண்டும் இல்லை.

இருந்தாலும் கண்ணால் பார்த்தால்தான் வீட்டுக்காரர் நம்புவார் என்று, உங்கள் அடுக்களையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஓர் அடிச் சதுரம் வெட்டி, சுவரைத் துடைத்துக் காயவைத்து, நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் நீங்கள் போனில் சொன்னது நினைவிருக்கும்: அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், சுவரைப் பார்த்த பக்கம் காய்ந்திருந்தது. சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்திருந்தால் தாளின் பின்பக்கம்தான் நனைந்திருக்கும். ஆக, இந்தத் தண்ணீர் மாடியிலிருந்தும் வரவில்லை, மண்ணிலிருந்தும் வரவில்லை. அறைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் உண்டாக்குவது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தங்கைக்கு நானே நின்று கட்டிய வீட்டில் இதே புள்ளிகள் வந்தபோது, கசிவுதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, மொட்டைமாடித் தட்டோட்டை முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தேன். செலவு அவளுடையது. அடுத்த ஆடியில் அதே இடத்தில் அதே புள்ளிகள். தூசி வருகிறது, கொசு வருகிறது என்று அவள் கேட்டதற்காக எல்லா வென்டிலேட்டர்களிலும் திறக்க முடியாத கண்ணாடி போட்டுக் கொடுத்தவனும் நானே என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருடத் தொழிலில் நான் வாங்கிய பேச்சுகளில் அந்தப் பேச்சுதான் நியாயமானது.

இனி கணக்குக்கு வருவோம். காற்று சூடாக இருந்தால் நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம்தான். மிஞ்சியது தண்ணீராக விழும். மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். உங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. சுமார் 34 கன மீட்டர். சாரல் காலத்து 26 டிகிரியில் அந்த அறைக்காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய நீராவி 800 கிராமுக்குச் சற்று மேல். அதில் முக்கால்வாசி, நீங்கள் படுக்கப் போகும்போதே நிரம்பித்தான் இருக்கிறது.

தூங்கும் ஆள் ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு 40 கிராம் அளவில் ஈரத்தை வெளிவிடுகிறார். நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், எட்டு மணி நேரம், கதவும் ஜன்னலும் சாத்தி. ஒரு லிட்டருக்கு மேல் ஆகிவிட்டது. எங்கே போகும்? அடுக்களையை எடுத்துக்கொள்ளுங்கள். சோறு பொங்கும் ஆவி கண்ணுக்குத் தெரிகிறது. அடுப்புச் சுடரே தண்ணீரை உண்டாக்குவது தெரிவதில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று காலியாவதற்குள் 22 லிட்டருக்கு மேல் தண்ணீரை வீட்டுக்குள் விட்டுவிட்டுத்தான் போகிறது. இது போதாதென்று, மழை என்பதால் பிள்ளைகளின் சீருடை நான்கு ஜோடி, படுக்கையறையில் கொடி கட்டிக் காய்கிறது. நான் வந்த அன்று அந்தக் கொடிக்கு அடியில் குனிந்துதான் மூலையைப் பார்த்தேன்.

இந்த ஈரம் முழுவதும் வீட்டில் எது குளிர்ச்சியான இடமோ அங்கே போய் ஒட்டும். நம் பக்கம் சாரல் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்குச் சுவர் வெளியே நனைந்து, காற்றில் காயும்போது இன்னும் குளிர்கிறது. அந்த மூலைக்கு இரண்டு பக்கமும் வெளிச்சுவர், தலைக்கு மேல் கான்கிரீட் பீம். செங்கலைவிடக் கான்கிரீட் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். பீரோவை ஒட்டிவைத்த இடத்திலோ காற்றும் நகராது, அறைச் சூடும் எட்டாது.

தண்ணீர்த் துளியைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று வீட்டுக்காரர் கேட்டார். பூசணத்துக்குத் துளி வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் போதும். அறை நடுவில் 27 டிகிரி, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று 24 டிகிரிச் சுவரைத் தொடும்போது 95 சதவீதம் ஆகிவிடும். பூசண விதை எங்கும் காற்றில் மிதக்கிறது, அதைத் தடுக்க யாராலும் முடியாது. தின்பதற்குத் தூசி, பெயிண்டில் இருக்கும் பசை, பிளைவுட், தோல், துணி. இல்லாமல் இருந்தது ஈரம் மட்டும்தான், அதையும் நாம் கொடுத்துவிட்டோம்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாதது. பீரோவை உள்சுவருக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் சுவரிலிருந்து நான்கு விரலாவது தள்ளிவையுங்கள். வென்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலை அடியுங்கள். அடுக்களையில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி, சமையல் முடிந்து கால் மணி நேரம் வரை ஓடட்டும். குளித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் ஜன்னலைத் திறந்துவையுங்கள். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். துணி உள்ளே காய்ந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரே அறையில் போட்டு, உட்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, விசிறியை ஓடவிடுங்கள்.

பெயிண்டருக்கு இப்போது வேலை இல்லை. புதுக் கட்டடத்தில் கலவைத் தண்ணீரும் நீங்கள் நனைத்த தண்ணீரும் காய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதற்குள் புட்டியும் எமல்ஷனும் பூசி மூடியதே அவசரம். பூசணத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் அதற்குப் புதுச்சட்டை தைத்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

*

சாரலில் ஜன்னலைத் திறந்தால் ஈரம்தானே உள்ளே வரும்? மூடினாலும் பூசணம், திறந்தாலும் ஈரம் என்றால் என்னதான் செய்வது?
— வாசகர், பண்பொழி

நல்ல கேள்வி. படித்தவர்களே இதில் தடுமாறுவார்கள். வெளியே சாரல் காற்று 23 டிகிரியில் ஈரத்தால் முழுக்க நிரம்பியிருந்தாலும் அதில் கன மீட்டருக்கு 20 கிராம் சொச்சம்தான் நீராவி. இரவெல்லாம் நான்கு பேர் மூச்சுவிட்ட அறையில் விடியற்காலை 24 கிராம் இருக்கும். ஆகவே நனைந்த காற்றை உள்ளே விட்டாலும் ஈரம் குறையத்தான் செய்யும். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைக் கால் மணி நேரம் திறந்து விசிறியைச் சுழலவிட்டால் போதும். சாரல் நேராக அடிக்கும் பக்கம் வேண்டாம்.

நேர்மாறான நாளும் உண்டு. நாலு நாள் விடாத மழையில் சுவரும் தரையும் குளிர்ந்து கிடக்கும்போது, திடீரென்று வெயில் எட்டிப் பார்த்து வெக்கை ஏறும். அன்றைக்கு எல்லோரும் ஆசையாகக் கதவைத் திறந்துவைப்பார்கள். மொசைக் தரை வழுக்கிவிடும் அளவுக்கு வியர்க்கும். வெளிக்காற்று சூடாகவும் ஈரமாகவும் வந்து குளிர்ந்த தரையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போகிறது.

எந்த நாள் எப்படி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பித்தளைச் செம்பு போதும். இரவில் அதில் தண்ணீர் நிரப்பி, அந்தக் குளிர்ந்த மூலையில் சுவரை ஒட்டித் தரையில் வைத்துவிடுவேன். காலையில் துடைத்து எடுத்துப் போய்த் திண்ணையில் வைத்து, காபி குடித்து முடிக்கும் வரை பார்ப்பேன். செம்பு மங்கினால் அன்று ஜன்னலைத் திறப்பதில்லை. மங்காவிட்டால் திறந்துவிடலாம். ஈரமானி வாங்கினாலும் சரிதான், என் செம்பு வீட்டிலேயே இருந்தது.

*

மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். தகரக்கூரை. ஜனவரியில் மழையே இல்லை, ஆனாலும் விடியற்காலை போர்வையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. ஓட்டை ஒன்றுகூட இல்லை, பார்த்துவிட்டோம். குளிர் தாங்காமல் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் தார்ப்பாய் அடித்தோம்; இப்போது பாயே தொங்குகிறது.
— தேயிலைத் தோட்டத் தொழிலாளி, தேவிகுளம் வட்டம்

உங்கள் ஊர் உயரம் 1,500 மீட்டருக்கு மேல். செண்டுவாரைப் பக்கம் ஜனவரியில் புல் வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். கீழே நீங்கள் ஐந்து பேர், வெந்நீர் அடுப்பு, ஈர விறகு. ஆவி மேலே போய்த் தகரத்தில் பட்டுச் சொட்டுகிறது. புல்லில் விழும் பனியும் உங்கள் போர்வையில் விழும் சொட்டும் ஒன்றுதான். புல்லுக்கு வானத்து ஈரம், உங்களுக்கு வீட்டு ஈரம்.

தார்ப்பாய் தப்பு. அதன் ஓரங்கள் வழியாக ஆவி ஏறி, தகரத்தில் விழுந்து, பாயில் குளம் கட்டுகிறது. பாயை எடுத்துவிட்டு, தகரத்துக்குக் கீழே அரை அடி விட்டுப் பலகையாலோ வேறு சூடு தடுக்கும் பொருளாலோ மச்சுபோல அடித்து, அறைப்பக்க இடுக்குகளை நன்றாக அடையுங்கள். தகரத்துக்கும் மச்சுக்கும் நடுவில் இருக்கும் இடத்துக்கு இறவாரத்திலும் முகட்டிலும் காற்று போய்வர வழி வேண்டும். தெர்மகோல் மலிவு என்று வாங்காதீர்கள், விறகு அடுப்புள்ள வீட்டில் தீ பிடிக்கும். லயம் நிர்வாகத்துடையது என்பதால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை, அடுப்புக்கு நேர் மேலே புகைபோக வழி செய்து, வெந்நீர் அண்டாவை மூடிவையுங்கள். பாதிச் சொட்டு நிற்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், தம்பி. குளிருக்காகக் கரிச் சட்டியை உள்ளே வைத்து, கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துத் தூங்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. விடியும்போது எழுப்ப ஆள் இருக்கமாட்டார்கள்.

*

மகன் அறைக்கு ஏ.சி. போட்டோம். அவன் அறை சுத்தமாக இருக்கிறது. அடுத்த அறையில் எங்கள் பக்கச் சுவரில் பூசணம். இது என்ன நியாயம்?
— வாசகர், களியக்காவிளை

மகன் இரவெல்லாம் 18 வைத்துத் தூங்குகிறார், சரிதானே? நடுச்சுவர் நாலரை அங்குலம். அவர் பக்கம் குளிர்ந்தால் உங்கள் பக்கமும் குளிரும். ஏ.சி. அவர் அறை ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள், காலையில் திகைப்பீர்கள். உங்கள் அறையிலோ கடலோரத்து ஈரம் அப்படியே இருக்கிறது. மே மாதத்தில் அந்தப் பக்கத்துக் காற்று 25 டிகிரிச் சுவரைத் தொட்டாலே வியர்த்துவிடும் அளவுக்கு நனைந்திருக்கும். மகனை 26-இல் வைக்கச் சொல்லுங்கள். கேட்கமாட்டார் என்றால், கட்டிலையும் அலமாரியையும் அந்தச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டு, மின்சாரக் கட்டணத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

*

பீரோவில் அந்துருண்டை போட்டும் பூசணம் வருகிறதே?
— வாசகி, கம்பம்

அந்துருண்டை பூச்சிக்கு. பூசணம் பூச்சி அல்ல. துணியை முழுக்கக் காயவைத்து அடுக்குங்கள், நெருக்கித் திணிக்காதீர்கள்.

*

பூசணத்தைத் துடைக்க பிளீச்சிங் பவுடர் நல்லதா, டாய்லெட் கழுவும் ஆசிட் நல்லதா? இரண்டையும் கலக்கலாமா?
— வாசகர், கடையநல்லூர்

கலக்கவே கூடாது. கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது மனிதனைச் சாய்த்துவிடும். பிளீச்சிங்கோடு வினிகரும் சேரக்கூடாது. கடைசி வரியை நீங்கள் கேட்டதற்காகவே இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்கிறேன், இன்னும் எத்தனை பேர் கேட்காமலே கலக்கிறார்களோ.

காய்ந்த துடைப்பத்தால் தேய்க்க வேண்டாம், பூசண விதை அறை முழுக்கப் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, துணியைக் கையோடு எறிந்துவிடுங்கள். ஓடு, கண்ணாடி போன்ற வழவழப்பான இடத்தில் மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்தலாம். சுவரில் அடித்து வெளுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். செத்த பூசணமும் தும்மலைக் கிளப்பும். அதைத் துடைத்து எடுத்தாக வேண்டும். பூசணம் ஊறிய மெத்தையையும் பிளைவுட்டையும் காப்பாற்ற நினைப்பது வீண்.

*

மூன்று வயதுப் பேரனுக்கு மழைக்காலம் முழுக்க இழுப்பு. அவன் தூங்கும் அறையில்தான் பூசணமும் இருக்கிறது. தொடர்பு உண்டா?
— ஒரு பாட்டி, கூடலூர்

நான் கட்டடக்காரன், அம்மா. குழந்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அறையில் பூசணம் இருப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டு ஈரமும் பூசணமும் இழைப்பு நோயையும் மூச்சுக் கோளாறுகளையும் அதிகமாக்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நூல் வெளியிட்டிருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020-இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகை வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் விசாரணை முடிவு வந்தது. பெற்றோர் புகார் சொன்னபோது, பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார்களாம். பேரனை இன்று இரவே வேறு அறையில் படுக்கவையுங்கள். சுவரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். துடைக்கும்போதும் அவன் வீட்டில் இருக்க வேண்டாம்.

*

சுண்ணாம்பு அடித்த வீட்டில் பூசணம் வராது என்று அப்பா சொல்வார். அது உண்மையா, பழங்கால மோகமா?
— வாசகர், செங்கோட்டை

பாதி உண்மை. புதுச் சுண்ணாம்பின் காரம் பூசணத்துக்கு ஆகாது.  காற்றுப் பட்டுப் பட்டு அந்தக் காரம் நாளடைவில் தணிந்துவிடும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததில் அழகு மட்டுமே இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மீதிப் பாதி, அப்பா காலத்து வீடே வேறு. நம் ஊர் 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தோடு இருந்தது. வீடும் அந்தச் சாயலில் சரிந்த ஓட்டுக் கூரை. ஒவ்வோர் ஓட்டிடுக்கிலும் ஆவி வெளியேறியது. யாரும் அதை வென்டிலேட்டர் என்று சொல்லவில்லை, மழைக்காலத்தில் ஒழுகினால் திட்டினார்கள், அவ்வளவுதான்.

இப்போது அடிக்க ஆசைப்பட்டால், எமல்ஷன் மேல் சுண்ணாம்பு நிற்காது. புட்டி வரைக்கும் சுரண்டி, காரையில் அடிக்க வேண்டும். சுரண்டாமல் அடித்து, பொடி உதிர்ந்து தலையணையில் விழுந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.